பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவர்கள்

2012 அக்டோபரில் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரத்துக்கு வந்து சேர்ந்தோம். இவருக்கு வேலை, எனக்கு ஹெச்-4 விசா. வேலைக்கு வந்தவரின் மனைவியாகக் கூட இருக்கலாம், ஆனால் அப்போதைய விதிப்படி சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. இரண்டாவது மாதமே பனி கொட்டி, பகலிலும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விட்டது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. காலையில் இவர் கிளம்பினால் சாயங்காலம் வரை வாயைத் திறந்து பேச ஆளில்லை. எட்டு வருஷம் வேலை பார்த்தவளுக்கு, "நீங்க என்ன பண்றீங்க?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வதென்று தெரியாமல் போனது எவ்வளவு பெரிய வலி என்று அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உள்ளே கதகதப்பாக இருக்கும் என்கிற ஒரே காரணத்துக்காக ஹோல்ட்ரிஜ் தெருவில் இருக்கிற குவில்ட் அருங்காட்சியகத்துக்குப் போனோம். போர்வைக்கு ஒரு அருங்காட்சியகமா என்று நினைத்தபடிதான் உள்ளே நுழைந்தேன். சுவர் உயரத்துக்கு, ஓவியம் மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். ஆர்டிஸ் ஜேம்ஸ், ராபர்ட் ஜேம்ஸ் என்ற தம்பதி 1997இல் கொடுத்த ஏறக்குறைய 950 குவில்ட்களில் தொடங்கியது அந்த இடம். பல குவில்ட்களுக்குப் பக்கத்தில் "தைத்தவர் பெயர் தெரியவில்லை" என்று எழுதியிருந்தது. மாதக்கணக்கில் உட்கார்ந்து தைத்த கை, பெயர் மட்டும் இல்லை. அது மனதில் அப்படியே நின்றுவிட்டது.

தையல் எனக்குப் புதிதில்லை, என் ரவிக்கைகளை நானே தைத்துக்கொள்வேன். ஆனால் குவில்ட் வேறு கணக்கு. ஒட்டுப்போர்வை என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன், பாதிதான் பொருந்தியது. துண்டுகளைச் சேர்த்த மேல்துணி ஒன்று, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி, இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டு ஓடுகிற தையலுக்குத்தான் குவில்டிங் என்று பெயர். ஓரத்தில் சுற்றி வரும் பட்டி கடைசி வேலை. துண்டுகளைச் சேர்க்கும்போது கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது, ஒவ்வொரு தையலிலும் கொஞ்சம் கொஞ்சம் பிசகினால் பத்துப் பன்னிரண்டு தையல் தாண்டும்போது மூலைகள் ஒன்றோடொன்று சேராது, பிரித்துத்தான் ஆக வேண்டும். நூலகத்துப் புத்தகங்களை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் பிரித்ததும் தைத்ததுமாகவே போனது. ஆனால் அந்த ஒரு வருஷம்தான் என்னைத் தாங்கிப் பிடித்தது.

முதலில் ஒழுங்காக வந்தது ஒரு குழந்தைப் போர்வை. ஒன்பது சதுரங்களைச் சேர்த்து ஒரு கட்டம், அப்படிப் பன்னிரண்டு கட்டம். 2014இல் பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்திருந்தது, அவர்களோடு வணக்கம் சொல்லும் அளவுக்குத்தான் பழக்கம். சரி, கொடுத்துவிடலாம் என்று கொண்டுபோனேன். அந்தப் பெண் பிரித்துப் பார்த்துவிட்டு, "நீங்களே செய்ததா?" என்று கேட்டு, என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். அமெரிக்கா வந்து ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு ஒரு அமெரிக்க வீட்டுக்குள் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அவளுடைய அத்தைதான் என்னைக் குவில்ட் கில்டுக்கு, அதாவது குவில்ட் தைப்பவர்களின் சங்கத்துக்கு, கூட்டிக்கொண்டு போனார். மாதம் ஒரு கூட்டம், பெரும்பாலும் அறுபது தாண்டிய பெண்கள். கூட்டத்தின் கடைசி அரை மணி நேரம், அவரவர் முடித்ததைக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டுவார்கள். நான் முதலில் கொண்டுபோனது லாக் கேபின், மரக்கட்டை வீடு என்று அர்த்தம், அதாவது நடுவில் ஒரு சின்னச் சதுரம், அதைச் சுற்றி மரக்கட்டை அடுக்குகிற மாதிரி பட்டை பட்டையாகத் துணி. நடுச்சதுரம் சிவப்பாக இருந்தால் வீட்டு அடுப்பு, மஞ்சளாக இருந்தால் ஜன்னலில் வைத்த விளக்கு என்று இங்கே சொல்வார்கள். நான் மாம்பழ மஞ்சள் வைத்தேன். சுற்றிலும் ஒரு பக்கம் அரக்கு, மறுபக்கம் மயில் கழுத்து. புடவைக் கடையில் இப்படிச் சேர்த்து வைத்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவு சாதாரணம். அங்கே இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து விரித்ததும் அறை முழுக்க ஒரு சத்தம், மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். இந்த நிறத்தை இந்த நிறத்தோடு வைக்கலாம் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டார்கள். மயில் கழுத்து என்றால் என்ன, ஏன் அது பச்சையும் இல்லை நீலமும் இல்லை, ஊடும் பாவும் வேறு வேறு நிறமாக நெய்தால் அந்த மினுக்கம் எப்படி வரும் என்று என் தடுமாறும் ஆங்கிலத்தில் கால் மணி நேரம் பேசினேன். யாரும் குறுக்கே பேசவில்லை. அடுத்த மாதம் ஒரு பாட்டி கைப்பையிலிருந்து ஒரு துணியை எடுத்து நீட்டி, "இது மயில் கழுத்தா, பார்த்துச் சொல்" என்றார். அந்த வார்த்தையைத் தமிழிலேயே சொன்னார்.

நான் கொடுத்த எல்லாக் குவில்ட்டும் இப்படிக் கொண்டாடப்பட்டது என்றில்லை. ஒரு வீட்டில் கொடுத்தது இரண்டு வருஷம் கழித்தும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியில் இருந்ததைப் பார்த்தேன். வருத்தம்தான். நல்லாயிருக்கு என்று சொல்வது ஒன்று, பார்ப்பது வேறு ஒன்று என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

பார்ப்பது என்றால் என்ன என்று சொல்ல ஹாரியட் பவர்ஸின் கதை ஒன்று போதும். ஜார்ஜியாவில் 1837இல் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு பைபிள் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்து, 1886இல் ஏதென்ஸ் நகரத்துப் பருத்திக் கண்காட்சியில் வைத்தார். ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை அதை விலைக்குக் கேட்டார். ஹாரியட்டுக்குக் கொடுக்க மனசில்லை. சில வருஷம் கழித்து வீட்டில் கஷ்டம் வந்தபோது பத்து டாலர் கேட்டு, கடைசியில் ஐந்து டாலருக்குக் கொடுத்தார். ஆனால் கொடுக்கும்போது பதினொரு கட்டத்துக்கும் ஒவ்வொன்றாக விளக்கம் சொன்னார், ஜென்னி ஸ்மித் அதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டார். பிற்பாடு பல தடவை ஹாரியட் தன் குவில்ட்டைப் பார்ப்பதற்காகவே அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போகிற மாதிரி என்றுதான் எனக்குத் தோன்றும். அவர் தைத்ததில் இன்று இரண்டுதான் மிஞ்சியிருக்கின்றன, ஒன்று வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், இன்னொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். பெயர் தெரியாத எத்தனையோ பேருக்கு நடுவில் அவர் பெயரும் அவர் சொன்னதும் நம் கைக்கு வந்திருக்கின்றன என்றால், ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுதியதால்தான்.

அதைப் படித்ததிலிருந்து, பட்டி தைத்து முடித்ததும் பின்பக்க மூலையில் ஒரு சின்னத் துணியில் என் பெயர், ஊர், வருஷம் எழுதித் தைத்துவிடுவேன். முழுப்பெயர். சுருக்குவதில்லை.

2017இல் எங்கள் கில்ட் கண்காட்சி. இங்கே கண்காட்சியில் குவில்ட்டை யாரும் தொடக் கூடாது, கை எண்ணெய் துணியில் படியும். வெள்ளைக் கையுறை போட்ட தன்னார்வலர்கள் நிற்பார்கள், கேட்டால் ஓரத்தை மடித்துப் பின்பக்கத்தைக் காட்டுவார்கள். நானும் கையுறை போட்டு நின்றேன். என்னுடையது அதே வரிசையில் மூன்றாவது, முழுக்கக் கைத்தையல், பதினான்கு மாத வேலை. எண்பது வயதிருக்கும், கைத்தடியோடு ஒரு அம்மா வந்தார். அதன் முன்னால் நின்றார், நகரவே இல்லை. பின்பக்கம் காட்ட முடியுமா என்று கேட்டார். என் குவில்ட்டை நானே திருப்பிக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முகத்தைத் துணிக்கு மிக அருகில் கொண்டுபோய், தையலோடு தையலாகக் கண்ணாலேயே போனார், உதடு அசைந்தது, எண்ணுகிறார் என்று புரிந்தது. "அங்குலத்துக்குப் பத்து. பின்பக்கமும் பத்து" என்றார். மேலே பத்து வருவது பழக்கம், அடியிலும் ஊசி அதே அளவில் எட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் என் நடுவிரல் நுனி மாதக்கணக்கில் காய்த்துப் போயிருந்தது. அதை இதுவரை யாரும் கேட்டதில்லை, நானாகவும் யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் மூலையில் இருந்த பெயரைப் படித்தார். எழுத்துக் கூட்டி ஒரு தடவை, தப்பாக வந்தது என்று அவருக்கே தெரிந்து இன்னொரு தடவை. "இந்தப் பெண்ணை உனக்குத் தெரியுமா?" என்றார். நான் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையைத் தொட்டுக் காட்டினேன். கையுறையோடேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

போட்டியில் எனக்குப் பரிசு எதுவும் வரவில்லை. அன்று வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னது அந்த அம்மாவைப் பற்றி மட்டும்தான்.

2019இல் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள், கூடவே ஐந்து வயதுப் பையன், கையில் அந்தக் குழந்தைப் போர்வை. நிறமெல்லாம் வெளுத்து, எத்தனை துவைப்போ தெரியாது, பழைய வேட்டி மாதிரி மெத்தென்று ஆகியிருந்தது. ஒரு மூலையில் பட்டி கிழிந்து பஞ்சு வெளியே தெரிந்தது. தூங்கும் வரை அந்த மூலையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பானாம், தினமும், ஐந்து வருஷமாக. மூலைத் துணி நூலிழையாகப் போயிருந்தது. தைத்துத் தர முடியுமா என்று கேட்டாள்.

மிச்சத் துணிகளை நான் தூக்கிப் போடுவதில்லை. டப்பாவில் அதே நீலத்தில் ஒரு முழம் கிடைத்தது. பையன் என் தையல் மேஜை பக்கத்திலேயே நின்றுகொண்டு, "ராத்திரிக்குள்ள முடிஞ்சிடுமா?" என்றான். முடிந்துவிடும் என்றேன். சாயங்காலம் ஏழு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, முதலில் அந்த மூலையைத்தான் தேடினான். விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, சரி என்பது போலத் தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினான்.