சித்திரைக்கு நேர் கீழே

ஏப்ரல் 19, 2025
சித்திரை நட்சத்திரம் உச்சம் தொடும் அதே வேளையில்தான் ஒமேகா சென்டாரி என்னும் நட்சத்திரக் கொத்தும் உச்சம் தொடும். அதற்கு நேர் கீழே, 36 டிகிரி தெற்கே. கையை நீட்டி முஷ்டியால் அளந்தால் அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டிக்குக் கொஞ்சம் மேல். பாளையங்கோட்டையில் அதற்கு மேல் ஏறாது. தெற்கு மனையில் தூண் கம்பிகள் இரண்டு முஷ்டிக்கு வந்துவிட்டன.

ஏப்ரல் 21
அப்பா இரண்டு கரண்டி கஞ்சி. மதியம் அதுவும் இல்லை.

ஏப்ரல் 23
துருவ நட்சத்திரம் இங்கே 9 டிகிரி உயரத்தில்தான். வடக்கு வீட்டுத் தென்னை மறைக்கிறது. அதை வைத்துத் தொலைநோக்கியின் மவுண்டை, அதாவது தாங்கியை, நேராக்க முடியாது. அதனால் டிரிஃப்ட், நட்சத்திரம் நழுவுவதைப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். தெற்கே ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக் கோட்டில் நிறுத்தி, மேலே நழுவுகிறதா கீழே நழுவுகிறதா என்று பார்ப்பது, திருகை ஒரு மயிரிழை திருப்புவது, மறுபடி பார்ப்பது. 2 மணி நேரம். நடுவில் இரண்டு தடவை இறங்கிப் போய் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தேன். இடுப்புப் புண் காயவே இல்லை.

ஏப்ரல் 24
சென்ட்ரிங் அடிக்கிறார்கள். கொத்தனாரிடம் கேட்டேன். "திங்கக்கெழம கான்கிரீட் போட்டுருவோம் அண்ணாச்சி."

ஏப்ரல் 25
மேகம்.

ஏப்ரல் 26
பலகைக்கு மேல் அரை முஷ்டிகூட இடம் இல்லை. ஆனால் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. சித்திரையில் ஃபோகஸ் பிடித்தேன். அப்பாவின் நட்சத்திரமும் அதுதான். ஃபோகஸ் பார்க்கத் தொலைநோக்கி முகப்பில் மாட்டும் பாட்டினாவ் மாஸ்க்கில் நடுக்கோடு சரியாக நடுவில் வந்து நின்றதும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒமேகா சென்டாரிக்குத் திருப்பிப் படம் ஒன்றுக்கு 60 விநாடி வைத்தேன், நடுப்பகுதி ஒரே வெள்ளை. 30 வைத்தும் அப்படியே. 15-க்கு இறக்கியதும் ஓரத்திலிருந்து மணி மணியாகப் பிரிந்தது. ஏறத்தாழ 1 கோடி நட்சத்திரங்கள்! 1603-இல் பேயர் இதை ஒற்றை நட்சத்திரமாக எண்ணித்தான் ஒமேகா என்று எழுத்திட்டார். 1677-இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த ஹாலிக்குப் புகைபோலத் தெரிந்தது. என் வெறுங்கண்ணுக்கும் அதே புகைதான். கிட்டத்தட்ட 17,000 ஆண்டு வந்த ஒளி, பலகை விளிம்பைத் தாண்டி என் தொலைநோக்கிக் கண்ணாடியில் விழுகிறது.

40 படம் ஆனதும் கீழே அப்பாவின் மணி அடித்தது. வாளியும் துணியுமாக ஒரு மணி நேரம். திரும்பி வந்தபோது பலகைக்குப் பின்னால் போய்விட்டது.

ஏப்ரல் 27
அமாவாசை. காக்கைக்குச் சோறு வைத்தேன், அப்பா எப்போதும் வைப்பாரே என்று. இன்று மணி அடிக்கவே இல்லை. 15 விநாடி, 120 படம். அடிக்கடி இறங்கிப் போய் மூச்சைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 28, காலை 6
மிக்ஸர் வந்துவிட்டது. லேப்டாப் இன்னும் படங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறது. ஸ்பூனில் கொடுத்த தண்ணீர் அப்பாவின் வாயோரமாக வழிகிறது.