கிரேன் ஆபரேட்டர் சான்றிதழ்: பணம் கட்டும் முன் சைட்டில் கேளுங்கள்

கல்ஃபில் கிரேன் ஓட்டக் கிளம்பும் தம்பிகள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சென்னையில் இன்டர்வியூ முடிந்த கையோடு ஏஜென்ட் ஒரு பயிற்சி நிலையத்தின் பெயரைச் சொல்லி, அங்கே சான்றிதழ் எடுத்தால்தான் விசா நகரும் என்றார். ஒரு அறை, ஒரு புரொஜெக்டர், மதியத்துக்குள் வகுப்பு முடிந்தது. வாசலில் நின்ற ஹைட்ரா என்ற சின்ன கிரேன் முன்னால் ஹெல்மெட்டோடு நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். ஒருவரையும் லீவரைத் தொட விடவில்லை. எண்ணூர் பக்கம் 50 டன் டெலஸ்கோபிக் கிரேனில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவன் நான். லேமினேட் செய்து கொடுத்த தாளில் வெறுமனே ‘கிரேன் ஆபரேட்டர்’ என்று இருந்தது.

துபாய் வந்த பிறகு மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி, லைசென்ஸ் எல்லாவற்றையும், அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் கம்பெனி பிஆர்ஓ முடித்துக் கொடுத்தார். ஜெபல் அலி சைட்டில்தான் மாட்டியது. அங்கிருந்த சேஃப்டி ஆபீசர் நாகர்கோவில்காரர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எந்த வகை கிரேன், எத்தனை டன்? உன்னைச் சோதிச்சது யாரு? இது வகுப்புல உக்காந்ததுக்கான தாள் தம்பி, ஓட்டத் தெரியும்கிறதுக்கான சான்று இல்ல” என்றார். கேட் பாஸ் கிடைக்கவில்லை. கேம்பில் உட்கார்ந்தேன், ஓவர்டைம் முழுக்கப் போனது. ஏஜென்ட் போனே எடுக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்புறம் ‘தேர்ட் பார்ட்டி’, அதாவது ஆளைச் சோதித்துச் சான்று தரும் வெளி நிறுவனம் தேடும் வேலை. மலிவாகச் சொன்ன ஒரு இடத்தில், காலையில் வந்தால் சாயங்காலம் கார்டு என்றார்கள். எந்த கிரேனில் சோதிப்பீர்கள் என்று கேட்டதற்கு, வீடியோ அனுப்பினால் போதும் என்று பதில். வேண்டாம் என்று வந்துவிட்டேன். இன்னொரு நிறுவனத்திடம் அங்கீகாரக் கடிதம் பளபளவென்று இருந்தது. துபாயின் அங்கீகார மையமான ஈஐஏசி இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடினோம். இருந்தது. ஆனால் கிரேனை ஆய்வு செய்வதற்கான ஐஎஸ்ஓ 17020 மட்டும். ஆளுக்குச் சான்று கொடுக்க வேண்டிய 17024 இல்லை. இந்த வித்தியாசத்தைக் கவுண்டரில் இருப்பவர் தானாக முன்வந்து சொல்ல மாட்டார். பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், எதற்காக அங்கீகாரம் என்ற வரியையும் படியுங்கள்.

கடைசியில் வழி காட்டியது அதே சேஃப்டி ஆபீசர்தான். கிளையன்ட் ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்களின் பட்டியலை மெயிலில் வாங்கிக் கொடுத்தார். இதை முதலிலேயே கேட்டு வாங்க முடியும் என்று ஊரில் எந்த ஏஜென்டும் சொல்வதில்லை. சான்றிதழை விற்கிறவனிடம் விசாரித்துப் பயனில்லை, அதைப் பார்த்து கேட்டைத் திறக்கப் போகிறவரிடம் கேட்க வேண்டும்.

பட்டியலில் இருந்து நான் எடுத்த இடத்தில் கட்டணம் கூடுதல். ஆனால் பாடம் நடத்தியவர் வேறு, சோதித்தவர் வேறு. எழுத்துத் தேர்வில் ஒரு லோடு சார்ட் கணக்கு. எந்தத் தூரத்தில் எவ்வளவு எடை தூக்கலாம் என்று காட்டும் அட்டவணைதான் லோடு சார்ட். கணக்கில் கொடுத்த ரேடியஸில் (கிரேன் சுழலும் மையத்திலிருந்து லோடு வரையான தூரம்) சார்ட் காட்டுவது 6,000 கிலோ, சரக்கு 5,400 கிலோ, தூக்கலாமா? பக்கத்தில் இருந்தவர் தூக்கலாம் என்று எழுதினார். கொக்கியோடு சேர்ந்த ஹூக் பிளாக் 450 கிலோ, சரக்கைக் கட்டும் ஸ்லிங்கும் ஷேக்கிளும் 200 கிலோ என்று மேலே சின்ன எழுத்தில் இருந்தது. இவையும் தூக்கும் எடையில் சேரும். கூட்டினால் 6,050. தூக்கக் கூடாது. 50 டன் கிரேன் என்றால் 50 டன் என்பது பூம் (கிரேனின் நீளும் கை) உள்ளே இருக்க, 3 மீட்டர் ரேடியஸ் அளவில்தான். தூரம் கூடக் கூட டன் மளமளவென்று இறங்கும். இதைக் கேட்காத தேர்வுக்குப் பணம் கட்டாதீர்கள்.

பிராக்டிகலில் கிரேனைத் தாங்கும் கால்களான அவுட்ரிகரை முழுசாக விரித்து, அடியில் பேட் வைத்து, லெவல் பார்க்கச் சொன்னார்கள். பிறகு கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து லோடைக் கொண்டுபோக வேண்டும். பாதி வழியில், சிக்னல்மேன் அல்லாத வேறொருவர் ஓரத்தில் நின்று ‘ஸ்டாப்’ காட்டினார். உடனே நிறுத்தினேன். ஸ்டாப் சிக்னலை யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும். சோதித்தவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டதைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது.

கார்டில் மொபைல் கிரேன், டன் அளவு, காலாவதித் தேதி, க்யூஆர் எல்லாம் இருக்கிறது. வாங்கிய இடத்திலேயே ஸ்கேன் செய்து, பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்துக்கெழுத்து வருகிறதா என்று பாருங்கள். என் கார்டில் அப்பா பெயர் விட்டுப்போயிருந்தது, அங்கேயே உட்கார்ந்து திருத்தி வாங்கினேன். மறுநாள் காலை கேட் பாஸ் கிடைத்தது. டயருக்குப் பதில் சங்கிலிப் பட்டையில் நகரும் கிராலர் கிரேனில் ஏறச் சொன்னால் இந்தக் கார்டு செல்லாது, அதற்குத் தனியாகச் சோதனை எழுத வேண்டும்.