யீ 2 கம்போனென்ட்: ஒரு பேஸ் கிளாஸோடு பணியாற்றிய அனுபவம்

பிஎச்பி மொழியில் அமைந்த, வெப் அப்ளிகேஷன்களுக்கு ஆயத்த அடித்தளம் தரும் யீ 2 ஃபிரேம்வொர்க்கில் எழுதப்பட்ட பெரிய அப்ளிகேஷன் ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, நான் முதலில் படிக்க எடுத்தது அந்த அப்ளிகேஷனின் நிரலை அல்ல. ஃபிரேம்வொர்க்கில் உள்ள கம்போனென்ட் என்ற பேஸ் கிளாஸைத்தான், அதாவது மற்ற கிளாஸ்கள் தங்கள் திறன்களைப் பெறும் தாய் கிளாஸைத்தான். டேட்டாபேஸ் இணைப்பு, கேஷ், மெயில் அனுப்பும் பகுதி, கன்ட்ரோலர், மாடல் என எல்லாமே அதிலிருந்து கிளைக்கின்றன. அப்ளிகேஷன் என்ற கிளாஸும் அதற்கு விலக்கல்ல. அந்த ஒரு கோப்பில் நடப்பது தெரியாமல் அதன்மேல் எழுப்பப்பட்ட எதையும் சரிவரப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம். குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களிடமும் அதைத்தான் முதலில் படிக்கச் சொல்கிறேன்.

கம்போனென்ட்டுக்கும் அடியில் பேஸ்ஆப்ஜெக்ட் என்று இன்னும் எளிய கிளாஸ் ஒன்று உண்டு. முன்பு அதன் பெயர் ஆப்ஜெக்ட் என்றே இருந்தது. 2017 நவம்பரில் வெளியான பிஎச்பி 7.2 அந்தப் பெயரை கிளாஸ்களுக்கு வைக்க முடியாதபடி ஒதுக்கிக்கொண்டதால், யீ 2.0.13 பதிப்பில் அதை மாற்ற வேண்டியதாயிற்று. கெட், செட் என்று தொடங்கும் மெத்தட்களை (கிளாஸின் செயல்களை) பிராப்பர்ட்டி (கிளாஸ் வைத்திருக்கும் மதிப்பு) போலப் பயன்படுத்தும் வசதியையும், அமைப்பு மதிப்புகளின் பட்டியலான கான்ஃபிக் அரேயைக் கொண்டு ஆப்ஜெக்டை அமைக்கும் வசதியையும் பேஸ்ஆப்ஜெக்ட் தருகிறது. ஒன்று நடந்ததும் அதற்கென இணைத்த நிரலை ஓடவைக்கும் ஈவென்ட், கிளாஸுக்கு வெளியிலிருந்து கூடுதல் திறனை இணைக்கும் பிஹேவியர் ஆகிய இரண்டையும் அதன்மேல் கம்போனென்ட் சேர்க்கிறது.

இவற்றுள் நான் பெரிதும் மதிப்பது, பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு கண்டிப்பைத்தான். சாதாரண பிஎச்பி கிளாஸில் அறிவிக்கப்படாத பிராப்பர்ட்டி ஒன்றுக்கு மதிப்புக் கொடுத்தால், மொழி நெடுங்காலமாக அதைச் சத்தமில்லாமல் உருவாக்கிக் கொடுத்து வந்தது, பிஎச்பி 8.2 பதிப்பில்தான் அதைக் கைவிடப்படும் பழக்கம் என்று அறிவித்து எச்சரிக்கத் தொடங்கினார்கள். பேஸ்ஆப்ஜெக்டோ தொடக்கத்திலிருந்தே இதை ஏற்கவில்லை. கான்ஃபிக்கில் டைம்அவுட் என்பதை ஓர் எழுத்து விட்டு எழுதியிருந்தால், அந்தக் கம்போனென்ட் உருவாகும்போதே தெரியாத பிராப்பர்ட்டி என்று எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) எழுந்து வேலை நின்றுவிடும். எழுத்துப்பிழை ஒன்று மாதக்கணக்கில் ஒளிந்திருந்து, தவறான இயல்புநிலை மதிப்போடு கோரிக்கைகள் ஓடிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அதே வசதிக்கு மறுபக்கமும் உண்டு. பிராப்பர்ட்டி போலத் தோன்றுவது உண்மையில் மெத்தட் அழைப்பு என்பதால், மொத்தத் தொகையைப் படிப்பதாகத் தெரியும் ஒரு வரி, உள்ளே டேட்டாபேஸைத் தேடிச் சென்று வரக்கூடும். அது லூப் ஒன்றுக்குள் இருந்தால் பக்கம் ஏன் தாமதமாகிறது என்பது வாசிக்கிறவருக்கு எளிதில் பிடிபடாது. ஆகவே கனமான வேலை செய்யும் மெத்தடுக்கு கெட் என்று தொடங்கும் பெயர் வைக்க வேண்டாம் என்று குழுவில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஈவென்ட்டுகளிலும் இதே இடர் இருக்கிறது. கான்ஃபிக் அரேயில் ‘ஆன்’ என்ற முன்னொட்டோடு ஈவென்ட்டின் பெயரை எழுதினாலே, அது நடக்கும்போது ஓட வேண்டிய ஹேண்ட்லர் இணைந்துவிடும் என்பதால், நிரலில் மட்டும் தேடுகிறவருக்கு அந்த இணைப்பு கண்ணில் படாது.

ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டரின் ஒழுங்கையும் அறிந்திருக்க வேண்டும். பேஸ்ஆப்ஜெக்டின் கன்ஸ்ட்ரக்டர் முதலில் கான்ஃபிக்கில் உள்ள மதிப்புகளை ஆப்ஜெக்டில் நிரப்பி, அதற்குப் பின்னரே இனிட் மெத்தடை அழைக்கிறது. எனவே நிரப்பப்பட்ட மதிப்புகளை நம்பிச் செய்யும் வேலைக்கு உரிய இடம் இனிட்தான்.

நான் அதிகம் உழைத்த இடம் வேறு. எனக்கு முன் இருந்தவர்கள் ஃபிரேம்வொர்க்கின் கம்போனென்ட்டுக்கும் தங்கள் சர்வீஸ் கிளாஸ்களுக்கும் நடுவே சொந்தமாக ஒரு பேஸ் கிளாஸை வைத்திருந்தார்கள். லாக் எழுதுவது, கேஷைத் தொடுவது, மொழிபெயர்ப்புகளை ஏற்றுவது, லாகின் செய்திருக்கும் பயனர் யார் என்று அறிவது ஆகிய அனைத்தும் அதன் இனிட் மெத்தடிலேயே நடந்தன. பிரவுசர் வழியாக வரும் கோரிக்கைகளுக்கு இது குறையின்றி வேலை செய்தது. ஆனால் இரவில் தானாக ஓடும் கன்சோல் கட்டளை ஒன்று இன்வாய்ஸ் சர்வீஸை அழைத்தபோது, யூசர் என்ற பிராப்பர்ட்டி கன்சோல் அப்ளிகேஷனில் இல்லை என்ற எக்ஸெப்ஷனோடு நின்றுவிட்டது. செஷனோடு பிணைந்த யூசர் கம்போனென்ட்டை யீ 2 வெப் அப்ளிகேஷனுக்கு மட்டுமே இயல்பாகத் தருகிறது. கன்சோலுக்கு அது தேவையில்லை என்பது மிகச் சரியான முடிவு. இன்வாய்ஸ் கணக்கிடும் கிளாஸுக்கும் அது தேவையில்லைதான். இருந்தும் தாய் கிளாஸ் கேட்டுக்கொண்டிருந்ததால் பிள்ளை கிளாஸ்கள் அனைத்தும் சேர்ந்து கேட்டன.

இதற்கு முன்பே ஒரு மாற்றுவழி செய்திருந்தார்கள்: சில கட்டளைகளுக்காக, கன்சோல் கான்ஃபிக்கில் கற்பனையான பயனர் ஒருவரை நுழைத்திருந்தார்கள். அதன் விளைவாக, டேட்டாபேஸில் யார் மாற்றியது என்று பதியும் நெடுவரிசையில் அந்தக் கற்பனைப் பயனரின் எண் பல வரிசைகளில் ஏறியிருந்தது. கணக்குப் பிரிவினர் ஒரு பதிவைக் காட்டி இதை மாற்றியவர் யார் என்று கேட்டபோது, பதில் சொல்ல எவராலும் இயலவில்லை. ஒரு பேஸ் கிளாஸில் எழுதிய ஒற்றை வரி இவ்வளவு தொலைவுக்குச் சென்று உண்மையைக் கலைத்துவிடுகிறது என்பதை நேரில் பார்த்தது என்னை மிகவும் உறுத்தியது.

சரிசெய்யும் வேலையை ஒவ்வொரு சர்வீஸாக எடுத்துக்கொண்டோம். தாய் கிளாஸிடமிருந்து அது உண்மையில் எதைப் பயன்படுத்துகிறது என்று பார்த்தால், பெரும்பாலானவற்றுக்கு லாக் எழுதுவது மட்டுமே தேவைப்பட்டது. அதற்கு யீயின் ஸ்டாட்டிக் மெத்தட் இருக்கும்போது தாய் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்யவே அவசியமில்லை. யார் மாற்றியது என்பதை மாடல்களில் பதிய, ஃபிரேம்வொர்க்கிலேயே உள்ள பிளேமபிள் பிஹேவியரை இணைத்தோம். இயல்பான அமைப்பில் அது, யூசர் கம்போனென்ட் இருக்கிறதா என்று அப்ளிகேஷனிடம் கேட்டுவிட்டுத்தான் அதைத் தொடுகிறது. நாங்கள் நீக்கிவரும் கிளாஸில் இல்லாமல்போன பக்குவம் அதுவே. பயனரின் எண் கணக்கீட்டுக்கே வேண்டியிருந்த இடங்களில், அதை மெத்தடின் ஆர்க்யுமெண்டாக வெளிப்படையாகக் கொடுத்தோம்.

இடையில் இன்னொன்றும் தெளிவாயிற்று. ஏற்கெனவே உள்ள ஆர்டரை க்ளோன் (நகல்) செய்து புதிய ஆர்டர் உருவாக்கும் இடத்தில், ஹேண்ட்லர் ஒன்று அனுப்ப வேண்டிய மெயில் மட்டும் போகாமல் இருந்தது. கம்போனென்ட் க்ளோன் ஆகும்போது அதனோடு இணைந்திருந்த ஹேண்ட்லர்களை யீ 2 வேண்டுமென்றே அழித்துவிடுகிறது. பிஹேவியர்களையும் கழற்றிவிடும் என்றாலும், கிளாஸின் பிஹேவியர்ஸ் மெத்தடில் அறிவிக்கப்பட்டவை தேவைப்படும்போது மீண்டும் இணைந்துகொள்ளும். ஓடும்போது கையால் இணைத்த ஹேண்ட்லர் திரும்ப வராது. ஹேண்ட்லரை மாடலின் இனிட்டுக்குக் கொண்டுபோனாலும் பயனில்லை, ஏனெனில் க்ளோன் கன்ஸ்ட்ரக்டரை அழைப்பதில்லை. பிஹேவியராக மாற்றியதும் மெயில் போகத் தொடங்கியது.

இப்போது புதிய கிளாஸ் எழுதும்போது ஈவென்ட்டோ பிஹேவியரோ தேவைப்பட்டால் மட்டும் கம்போனென்ட், கான்ஃபிக் மட்டும் போதுமென்றால் பேஸ்ஆப்ஜெக்ட், இரண்டும் வேண்டாமென்றால் எதையும் எக்ஸ்டெண்ட் செய்யாத சாதாரண கிளாஸ் என்று முடிவெடுக்கிறோம். நினைவகத்திலும் வேகத்திலும் கம்போனென்ட் சற்றே கனமானது என்று ஃபிரேம்வொர்க்கின் கையேடே சொல்கிறது. ஆனால் என்னைப் பொறுத்தவரை அந்தக் கனத்தைவிட, தேவையற்ற திறன்களை வாங்கிக்கொண்ட கிளாஸைப் பின்னால் படிக்கிறவரின் சிரமமே பெரிது. யீ 3 இந்த இரண்டு பேஸ் கிளாஸ்களையும் விட்டுவிட்டு, தேவையானதை கன்ஸ்ட்ரக்டர் வழியாகப் பெறும் முறைக்குச் சென்றுவிட்டது. எங்கள் அப்ளிகேஷன் யீ 2-இல்தான் இருக்கிறது. நடுவில் இருந்த அந்த கிளாஸை அறிக்கை தயாரிக்கும் சில சர்வீஸ்கள் இன்னும் எக்ஸ்டெண்ட் செய்கின்றன. அவற்றின் மொழிபெயர்ப்பு ஏற்றும் பகுதியைப் பிரித்த பின் அதையும் நீக்கிவிடலாம்.