மூன்று பவுன் சங்கிலி

பதினொரு வருடம் நான் ஞாயிறு பூசைக்குப் போகாமல் இருந்ததில்லை. நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கும் நேரத்தில் மட்டும் பின்வாசல் பக்கம் நகர்ந்துவிடுவேன். மனைவி கேட்டால், காப்பி குடித்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, நன்மைக்கான நோன்பு முறிந்துவிட்டது என்பேன். கனமான பாவத்தோடு நன்மை வாங்கக் கூடாது என்று ஞானோபதேச வகுப்பில் படித்தது எனக்கு நன்றாகவே நினைவிருந்தது.

2013-ல் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தங்கைக்கென்று அவர் வைத்திருந்த மூன்று பவுன் சங்கிலியை விற்று என் கடனை அடைத்தேன். அம்மாவின் அடக்கம் முடிந்து தங்கை கேட்டபோது, “செலவுக்கு அம்மாவே விற்கச் சொல்லிவிட்டார்” என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

2024 ஜூலைக் கடைசியில் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவுக்குப் போனேன். ஆகஸ்ட் 5 திருநாளுக்கு முந்தைய அந்த நாட்களில் பாவசங்கீர்த்தனத்துக்கு, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு, வரிசை நீளும். நின்றபடியே பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக நினைத்து, பஸ் டிக்கெட்டின் பின்புறம் என் பாவங்களைக் குறித்துக்கொண்டேன். கோபம், கெட்ட வார்த்தை, சங்கிலி, பொறாமை. சங்கிலியை நடுவில் வைத்தது யோசித்துத்தான்.

பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டும் இல்லை, இடையில் முகம் மறைக்கும் வலைத்தட்டியும் இல்லை. ஊதா நிறப் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு வயதான சாமியார் பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கவாட்டாக அமர்ந்திருந்தார். காதருகே கை. முழங்காலிட்டு டிக்கெட்டைப் படித்தேன். வியர்வையில் எழுத்து ஊறியிருந்தது. பொறாமைக்கு வந்ததும் அவர் கையை உயர்த்தினார்.

“சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தாயிற்றா?”

இல்லை என்றேன். விற்றபோது பவுன் 22,000 ரூபாய்ச் சொச்சம், அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அந்த நாட்களிலோ பவுன் 51,000 ரூபாயைத் தாண்டியிருந்தது.

“தங்கையுடைய பணத்தையா எடுத்தீர்கள், சங்கிலியையா?”

பதில் சொல்ல முடியவில்லை. பைபிளில் வரும் வரி வசூலிப்பவன் சக்கேயு, ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகக் கொடுப்பதாகச் சொன்னான். சாமியார் அந்த அளவுக்குப் போகவில்லையே என்று ஒரு அற்ப நிம்மதி வந்ததையும் மறைக்க விரும்பவில்லை. மூன்று பவுனையும் கொடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தேன். “பொய்யையும் எடுத்துவிடுங்கள்” என்றார். பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரம் சொல்லச் சொன்னார். அம்மா சொல்லிக்கொடுத்த ‘என் சர்வேசுரா சுவாமி’ பாதியில் மறந்துபோக, மீதியை அவர் எடுத்துக்கொடுத்தார். பிறகு என் தலைக்கு மேல் கையை நீட்டி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் பாவங்களை மன்னித்தார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் இருக்காது. மறுநாள் பூசையில் நன்மை வாங்கினேன். மனைவி திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

தங்கை வீட்டுப் படியேறத்தான் மூன்று வாரம் பிடித்தது. முதல் தவணையை மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவள் பணத்தைத் தொடவில்லை.

“எனக்கென்று வைத்ததை எனக்குத் தெரியாமல் விற்கச் சொன்னாரே என்று அம்மாவிடம் இத்தனை வருடம் மனத்தாங்கலாக இருந்தேனே, அண்ணே” என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளைதான் பணத்தை எடுத்து வைத்தார். அதன்பின் போனையும் அவரே எடுக்கிறார்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று போனபோது எனக்கு முன்பே தங்கை வந்திருந்தாள். அம்மா கல்லறையில் வரிசையாக மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. என்னிடம் பேசவில்லை. நான் முழங்காலிட்டதும் தீப்பெட்டியை மட்டும் என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுப் போனாள். இன்னும் ஒன்றரைப் பவுன் பாக்கி இருக்கிறது.