முகாபே சாலை முகவரிகள்

வங்கி வேலை என்று சொன்னால் கவுன்ட்டரில் உட்காருவதாகத்தான் ஊரில் நினைத்துக்கொள்கிறார்கள். நான் வேலை பார்ப்பது பழைய மகாபலிபுரம் சாலையில், ஒரு ஐரோப்பிய வங்கியின் சென்னை அலுவலகத்தில். பிரிவின் பெயர் சாங்ஷன்ஸ் ஸ்க்ரீனிங். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் பணத்தில், பொருளாதாரத் தடைப் பட்டியலில் உள்ள யாருடைய பெயராவது தென்பட்டால் சிஸ்டம் அதை நிறுத்திவிடும். அப்படி நின்ற ஒவ்வொன்றையும் நாங்கள் அலர்ட் என்போம். அதைத் திறந்து, இது பட்டியலில் உள்ள அதே ஆள்தானா, வேறு யாரோவா என்று பார்த்து, விடுவதா மேலே அனுப்புவதா என்று எழுத வேண்டும்.

ஐ.நா. பாதுகாப்புச் சபை, ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், அமெரிக்க நிதித்துறையின் ஓஃபாக் என்று ஒவ்வொருவரும் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். மக்களைக் கொன்ற ஆட்சியாளர்கள்மீது உலக நாடுகள் தடை விதித்தன என்று செய்தியில் ஒரு வரி வருகிறதல்லவா, அந்த வரிக்குப் பிறகு நடக்கவேண்டிய வேலை எங்களைப் போன்றவர்களின் மேஜைக்கு வந்து சேர்கிறது. பி.காம். படித்துவிட்டு வந்த எனக்கு ஆப்பிரிக்காவின் அரசியல் அறிமுகமானதே இந்தப் பெயர்கள் வழியாகத்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பங்குக்கு அதிகம் வந்தது ஜிம்பாப்வே. அதிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும்: அந்த நாட்டை நெடுங்காலம் ஆண்ட ராபர்ட் முகாபே. அவர் பணம் அனுப்புகிறார் என்பதால் வராது. தலைநகர் ஹராரேயில் ராபர்ட் முகாபே ரோடு இருக்கிறது, புலவாயோவில் ராபர்ட் முகாபே வே இருக்கிறது, நமீபியாவின் விண்ட்ஹூக்கில்கூட அவர் பெயரில் ஓர் அவென்யூ உண்டு. அந்தத் தெருக்களில் இருக்கும் மருந்துக் கடை, வக்கீல் அலுவலகம், பள்ளிக்கூடம் எல்லாவற்றின் முகவரியும் எங்கள் ஃபில்டரில் மாட்டும். இது போதாதென்று உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் முகாபே என்பது பலருக்கும் உள்ள பெயர். அவருடைய 1924 பிப்ரவரி 21 என்ற பிறந்த தேதியை வைத்துத்தான் அவர்களை எல்லாம் விடுவிப்போம்.

ஒரு அலர்ட் மட்டும் எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. அனுப்பியவர் இங்கிலாந்தில் வசிக்கும் ஒரு பெண். பெறுவது புலவாயோவில் ஒரு பள்ளி. காரணம் எழுதும் இடத்தில் ஒரு பையனின் பெயர், ஃபார்ம் 3, இரண்டாம் டெர்ம் கட்டணம். முகவரியில் ராபர்ட் முகாபே வே என்ற சொற்களை மட்டும் சிஸ்டம் மஞ்சளில் காட்டியது. நான் தெருப் பெயர் என்று எழுதி மூடியிருப்பேன். ஆனால் அப்போது ஜிம்பாப்வே என்றாலே இரண்டாம் கட்டப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று விதி வந்திருந்தது. அங்கிருந்து அனுப்பிய வங்கிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது: பள்ளியின் உரிமையாளர் யார், அரசுப் பங்கு உண்டா, அனுப்புகிறவருக்கும் மாணவனுக்கும் என்ன உறவு. பதில் வந்தது. அதில் ஒரு கேள்விக்குப் பதில் விட்டுப்போனதால் மறுபடி கடிதம். டெர்ம் தொடங்கியது. கடைசியில் அந்தப் பெண்ணே பணத்தைத் திரும்பக் கேட்டுவிட்டார். வங்கிக் கட்டணங்கள் போக மீதி திரும்பிப் போயிற்று.

அப்போது எங்கள் பிரிவில் பெரியவராக இருந்த ஒருவரிடம், “தெருப் பேர்தானே சார் அது?” என்று கேட்டேன். “தெரியும்மா. ஆனா நாம கிளியர் பண்ணி நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு மேலே இருப்பவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பட்டியல் எப்படி வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. 1983 முதல் 1987 வரை, முகாபே பதவிக்கு வந்த ஆரம்ப ஆண்டுகளிலேயே, வடகொரியா பயிற்சி கொடுத்த ஐந்தாம் படைப்பிரிவு, புலவாயோவைச் சுற்றியுள்ள மடபெலேலாந்தில் இண்டெபெலே மக்களைக் கொன்று குவித்தது. குகுராஹுண்டி என்று அதற்குப் பெயர். இறந்தவர்கள் 20,000 பேர் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. கத்தோலிக்க நீதி மற்றும் அமைதி ஆணையம் சாட்சியங்களைத் திரட்டி 1997-ல் அறிக்கை வெளியிட்டது. அந்தப் படுகொலைக்கு எந்தத் தடைப் பட்டியலும் வரவில்லை. படுகொலை நடந்துகொண்டிருந்த 1984-ல் எடின்பரோ பல்கலைக்கழகம் முகாபேக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1994-ல் பிரிட்டன் அவருக்குக் கௌரவ நைட் பட்டம் சூட்டியது. இரண்டையும் பறித்தது 2007-லும் 2008-லும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை வந்தது 2002 பிப்ரவரியில். அதற்குள் வெள்ளையர்களின் பண்ணைகள் பறிக்கப்பட்டிருந்தன, எதிர்க்கட்சியினர்மீது வன்முறை நடந்துகொண்டிருந்தது, ஒன்றியம் அனுப்பிய தேர்தல் பார்வையாளர் குழுவின் தலைவர் பியர் ஷோரியை முகாபே அரசு நாட்டை விட்டு வெளியேற்றியிருந்தது. அமெரிக்கா 2003-ல் முகாபே உட்பட 77 பேரின் பெயர்களைப் பட்டியலிட்டது. அந்தக் காரணங்கள் எல்லாமே உண்மையானவைதான். ஆனால் புலவாயோ பக்கத்து மக்களுக்கு அது ஏறக்குறைய இருபது ஆண்டு தாமதம். அதே புலவாயோவில் ஒரு பையனின் பள்ளிக் கட்டணத்தை நிறுத்திவைத்திருந்தேன் என்று நினைக்கும்போது எனக்கு மனசு ஆறவே இல்லை.

2008-ல் நடந்ததை ஒவ்வொரு புது பேட்ச்சுக்கும் நான் சொல்வதுண்டு. மார்ச் 29 தேர்தலின் முதல் சுற்றில் எதிர்க்கட்சித் தலைவர் மோர்கன் ஸ்வாங்கிராய் 47.9 சதவீதம், முகாபே 43.2. இரண்டாம் சுற்றுக்கு முன்னால் எதிர்க்கட்சிக்காரர்களை அடித்தும் கொன்றும் நடந்த வெறியாட்டத்தைத் தாங்க முடியாமல் ஸ்வாங்கிராய் விலகிக்கொண்டார். ஜூலையில் பாதுகாப்புச் சபைக்கு வந்த தடைத் தீர்மானத்தை ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ செய்தன. ஆக, ஐ.நா. பட்டியலில் ஒரு பெயரும் ஏறவில்லை.

ஆனால் அதற்கு முன்பே, ஏப்ரலில், டர்பன் துறைமுகத்தில் வேறொன்று நடந்துவிட்டது. அன் யுவே ஜியாங் என்ற சீனக் கப்பல் ஜிம்பாப்வே ராணுவத்துக்கு 77 டன் ஆயுதங்களோடு வந்து நின்றது. ஏ.கே. 47 தோட்டாக்கள் மட்டும் முப்பது லட்சம் என்று சரக்குப் பட்டியலில் இருந்தது. தென்னாப்பிரிக்க அரசு அதைத் தரைவழியே கொண்டுபோக அனுமதியும் கொடுத்துவிட்டது. துறைமுகத் தொழிலாளர்கள் இறக்க மாட்டோம் என்றார்கள். சாட்டாவு என்ற போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் எடுத்த முடிவு அது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் பிஷப் ரூபின் ஃபிலிப் நீதிமன்றம் போனார், டர்பன் உயர் நீதிமன்றம் தடை உத்தரவு போட்டது, கப்பல் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. மொசாம்பிக் இடம் கொடுக்கவில்லை. அங்கோலா மற்றச் சரக்கை மட்டும் இறக்கிக்கொள்ளச் சொன்னது. வல்லரசுகள் கூடிப் பேசியும் முடியாததைச் சுமை இறக்குகிறவர்கள் செய்து காட்டினார்கள். நிறுத்தியது எது என்றும் பாருங்கள்: தோட்டாக்களை. எந்த மாணவனின் கட்டணத்தையும் அவர்கள் தொடவில்லை.

பக்கத்து நாட்டு அரசுகளிடம் அந்தத் துணிச்சல் இல்லை. ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் வளர்ச்சிச் சமூகமான சாடெக்குக்கு விண்ட்ஹூக்கில் ஒரு நீதிமன்றம் இருந்தது. பண்ணைப் பறிப்பு வழக்கில் 2008 நவம்பரில் அது ஜிம்பாப்வேக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2010-ல் சாடெக் தலைவர்கள் கூடி அந்த நீதிமன்றத்தையே முடக்கினார்கள். சாதாரணக் குடிமகன் தன் அரசுக்கு எதிராக ஏறக்கூடிய ஒரு படிக்கட்டு அதோடு போயிற்று. அதே சாடெக் 2019-லிருந்து ஆண்டுதோறும் அக்டோபர் 25-ஐத் தடை எதிர்ப்பு நாளாக அனுசரிக்கிறது.

இப்போது வைரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதை நான் பட்டியலிலேயே பார்த்தேன். ஜிம்பாப்வேயின் மராங்கே வைர வயல்களில் 2008 கடைசியில் ராணுவம் புகுந்து, ஹெலிகாப்டரிலிருந்துகூடச் சுட்டு, 200-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பதிவு செய்தது. ஜிம்பாப்வே அரசின் சுரங்க நிறுவனம் ஐரோப்பியப் பட்டியலில் இருந்தது. 2013 செப்டம்பரில் ஒருநாள் பட்டியல் மாற்றம் வந்தது, அந்த நிறுவனத்தின் பெயர் நீக்கம். வைர வணிகத்தின் தலைநகரான ஆன்ட்வெர்ப்பைக் கொண்ட பெல்ஜியம் அதற்காக முன்னின்று வாதாடியது. டிசம்பரில் ஆன்ட்வெர்ப்பில் மராங்கே கற்கள் ஏலத்துக்கு வந்தன. இதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு: அந்தக் கற்கள் துபாய் வழியாகச் சூரத்துக்குப் பட்டை தீட்ட வந்துகொண்டிருந்தன. வைர நிறுவனத்துக்காகப் பேச ஒரு நாடே இருந்தது. பள்ளிக்கூடத்துக்காகப் பேச நான் ஒருத்திதான், அதுவும் எங்கள் மீட்டிங் ரூமில்.

அப்புறம் 2016-ல் பார்க்லேஸ் வங்கி ஓஃபாக்குக்குச் சுமார் 24.8 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஜிம்பாப்வேயில் அதன் வாடிக்கையாளர்களாக இருந்த சில கம்பெனிகளில் பட்டியலில் உள்ள ஓர் அரசு நிறுவனத்துக்கு 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் பங்கு இருந்ததை வங்கி கவனிக்கவில்லை என்பது விஷயம். பெரிய வங்கிக்கு அது பெரிய தொகை கிடையாது. ஆனால் அந்தச் செய்தி எங்கள் துறை முழுக்கப் பயிற்சிப் பாடமாகச் சுற்றியது. சில மாதங்களில், அப்போது நான் வேலை பார்த்த வங்கி ஜிம்பாப்வே வங்கிகளோடு இருந்த தொடர்பை முழுவதுமாக முறித்துக்கொண்டது. டி-ரிஸ்கிங் என்று அதைச் சொல்வார்கள். மேலதிகாரி அறிவித்தபோது அறையில் பலருக்கு நிம்மதி, ஏனென்றால் அலர்ட் எண்ணிக்கை குறையும். நான் எழுந்து, பட்டியலில் இருப்பது ஒன்றரைக் கோடி மக்கள் கொண்ட நாட்டில் சொற்ப ஆட்கள், மற்றவர்களை ஏன் வெட்டுகிறோம் என்று கேட்டேன். செலவுக்குக் கட்டுபடியாகவில்லை என்றார்கள்.

அந்த முடிவால் ஆட்சியில் இருந்தவர்களுக்கு ஒரு கஷ்டமும் வந்திருக்காது. மற்றவர்கள் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஓமலயிச்சா என்று அழைக்கப்படும் வேன்காரர்களிடம் பணத்தையும் மாவு மூட்டையையும் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2021-ல் ஜிம்பாப்வேக்குப் போன ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் அலெனா டூஹான் வங்கிகள் தேவைக்கு மேலே போய்த் தடையைக் கடைப்பிடிக்கும் இந்தப் போக்கைத்தான் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். நாட்டின் சீரழிவுக்கெல்லாம் தடைகளே காரணம் என்று அரசு சொல்வதை மட்டும் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நூறு லட்சம் கோடி டாலர் நோட்டை அச்சடித்தது அவர்களுடைய மத்திய வங்கி. 2018 ஆகஸ்ட் 1 அன்று, தேர்தலுக்குப் பிந்தைய போராட்டத்தின்போது, ஹராரே தெருக்களில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டது ராணுவமும் போலீசும் என்று தென்னாப்பிரிக்க முன்னாள் ஜனாதிபதி மோட்லாந்தே தலைமையிலான விசாரணை ஆணையமே சொன்னது. அன்றைக்கு ஜனாதிபதி காவல்படைக்குத் தளபதியாக இருந்த அன்செலம் சன்யாட்வே அப்புறம் தான்சானியாவுக்குத் தூதரானார். அவர் பெயரை 2020-ல் ஓஃபாக்கும் 2021-ல் பிரிட்டனும் பட்டியலில் சேர்த்தபோது, அந்தப் பதிவைத் திறந்து நான் முழுவதும் படித்தேன். சொந்த நாட்டில் ஒரு வழக்குகூட நடக்காத இடத்தில், வெளியே எங்கோ ஓர் ஆவணத்திலாவது அந்தப் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதனால்தான் இந்த வேலையை விடாமல் இருக்கிறேன்.

பட்டியலுக்கு மேலே ஒரு படி போனதைக் காம்பியாவில் பார்த்தோம். 22 ஆண்டு ஆண்ட யாஹ்யா ஜாமே 2016 டிசம்பரில் தேர்தலில் தோற்று, முதலில் ஒப்புக்கொண்டு, ஒரு வாரத்தில் மறுத்தார். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் எக்கோவாஸ் அமைப்பு பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்பியது, கூடவே படையையும் எல்லைக்கு அனுப்பியது. தேர்தலில் வென்ற அடாமா பாரோ செனகல் தலைநகர் டக்காரில் உள்ள காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார், 2017 ஜனவரி 21 அன்று ஜாமே விமானம் ஏறினார். ஓஃபாக் பட்டியலில் ஜாமேயின் பெயர் வந்தது அந்த டிசம்பரில், அவர் போய்ப் பதினொரு மாதம் கழித்து. அதன் பிறகு ஜாமே என்ற குடும்பப் பெயருள்ள காம்பியர்கள் எல்லோரும் எங்கள் ஃபில்டரில் நிற்க ஆரம்பித்தார்கள். அங்கே அந்தப் பெயர் தெருவுக்குத் தெரு உண்டு.

2024 மார்ச்சில் அமெரிக்கா ஜிம்பாப்வேக்கான பழைய தடைத் திட்டத்தை முடித்துவிட்டு, முகாபேக்குப் பின் வந்த ஜனாதிபதி மனங்காக்வா, அவர் மனைவி, தொழிலதிபர் டக்விரேய் உட்பட 11 பேரையும் 3 நிறுவனங்களையும் மட்டும் வேறு சட்டத்தின் கீழ் சேர்த்தது. சரியான திசை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஹராரேயின் என்டர்பிரைஸ் ரோடு இப்போது மனங்காக்வா பெயரில் இருக்கிறது. அந்த முகவரிகள் வர ஆரம்பித்துவிட்டன. என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரமே இதைச் சொல்லிவிடுகிறேன்: நாட்டின் பெயரைப் பார்த்து மேலே தள்ளாதீர்கள், பிறந்த தேதியைப் பாருங்கள், பங்குதாரர் யார் என்று தேடுங்கள், முகவரியில் உள்ள பெயர் முகவரிதான் என்றால் அப்படியே எழுதி அன்றைக்கே விடுங்கள். அதற்குப் பத்து நிமிடம் கூடுதலாகும், டார்கெட் குறையும். குறைந்தால் நான் பேசிக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

காம்பியாவில் ஜாமே காலக் குற்றங்களை விசாரிக்கச் சிறப்பு நீதிமன்றம் அமைக்க எக்கோவாஸ் 2024 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தது. அவருடைய உள்துறை அமைச்சர் உஸ்மான் சோன்கோவுக்கு அதே ஆண்டு மே மாதம் சுவிஸ் நீதிமன்றம் 20 ஆண்டுச் சிறை விதித்தது. ஜாமே ஈக்குவடோரியல் கினியாவில் இருக்கிறார். அவரை அங்கிருந்து கொண்டுவர வேண்டிய அழுத்தத்தை எந்த அரசு கொடுக்கப்போகிறது என்றுதான் இப்போது நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.