பத்து மணி வரை யாரும் ஆடமாட்டார்கள்

எங்கள் பகுதித் தம்பி ஒருவனுக்குச் சென்னையில் ஒரு ஹோட்டல் கிளப்பில் வியாழக்கிழமைதோறும் டிஜேயாக வாசிக்கும் வாய்ப்பு கிடைத்திருக்கிறது. இதுவரை கல்யாண ரிசப்ஷன், காலேஜ் கல்ச்சுரல்ஸ், எப்போதாவது ஈ.சி.ஆர். பக்கம் ஒரு ரிசார்ட் என்று ஓடிக்கொண்டிருந்தவன். "அக்கா, முதல் வாரமே தெறிக்கவிடணும், என்ன பாட்டு போடலாம்?" என்று போனில் கேட்டான். பாட்டு அப்புறம் பார்க்கலாம்டா என்று ஆரம்பித்தது ஒரு மணி நேரம் போயிற்று. ரெசிடன்சி, அதாவது ஒரே கிளப்பில் வாராவாரம் வாசிக்கும் வேலை, பற்றிக் கேட்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று அதையே இங்கே எழுதிவைக்கிறேன்.

தம்பி, ரிசப்ஷனில் நீ பார்க்கும் கூட்டத்தை மறுபடி பார்க்கப்போவதில்லை. கைவசம் இருக்கும் அஞ்சாறு 'ஷ்யூர் ஷாட்' பாட்டு எல்லா மண்டபத்திலும் வேலை செய்யும். கிளப்பில் அப்படி இல்லை. இந்த வியாழன் வந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த வியாழனும் வருவார்கள். போதாததற்கு பார்டெண்டர், வெயிட்டர், பவுன்சர் எல்லாரும் உன்னை வாராவாரம் முழுசாகக் கேட்பவர்கள். அதே வரிசையில் போட்டுக்கொண்டிருந்தால் மூன்றாவது வாரம் பார்டெண்டர் உன் அடுத்த பாட்டை உனக்கு முன்னாலேயே முணுமுணுப்பார். அவர்கள் முகத்தைப் பார். அவர்களுக்கு அலுத்துவிட்டால் வாடிக்கையாளருக்கும் அலுக்க ரொம்ப நாள் ஆகாது.

பென் டிரைவில் போட்டு வாசித்தால் சிடிஜே (கிளப்பில் பாட்டு ஓட்டும் டிஜே கருவி) 'ஹிஸ்டரி' என்று தானாகவே ஒரு பட்டியல் எழுதிவைக்கும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் செருகி ரெகார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளைத் திறந்தால் அன்று போட்டதெல்லாம் வரிசையாக வரும். அந்தப் பாட்டு போனபோது மூலை டேபிள் எழுந்து போனதா, எழுந்து வந்ததா என்பது அதில் இருக்காது. அதை நீதான் எழுதவேண்டும். போனில் இரண்டு வரி போதும், ஆனால் தூங்குவதற்கு முன்னால் எழுதிவிடு.

சரி, உண்மையான வேலைக்கு வருவோம். ரெசிடன்ட்டின் வேலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் இருக்கிறது. அந்த நேரத்தில் யாரும் ஆடமாட்டார்கள். சாப்பிடுவார்கள், ஆபீஸ் கதை பேசுவார்கள், கேப் கிடைக்காத நண்பனுக்குப் போன் போடுவார்கள். அவர்களை எழுப்பி ஆடவைப்பது உன் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டு ஒன்பது மணிக்கே குத்துப் பாட்டை இறக்கினால் நடப்பது ஒன்றுதான்: பேச்சுக் கேட்காமல் வெயிட்டர் குனிந்து குனிந்து ஆர்டர் எடுப்பார், மேனேஜர் கன்சோலைப் பார்த்து உள்ளங்கையைக் கீழே காட்டுவார். மேனேஜர் உன் மிக்ஸிங்கைப் பார்ப்பதில்லை, பார் பில்லைப் பார்க்கிறார். அதில் தப்பும் இல்லை, உன் சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது.

என் அப்பா மைக் செட் கடை வைத்திருந்தவர். கோயில் திருவிழாவுக்கு செட் போட்டால் விடிகாலையில் பக்திப் பாட்டு, சாப்பாட்டு நேரத்தில் பழைய மெலடி, சாமி புறப்பாடு முடிந்து இளவட்டங்கள் கூடிய பிறகுதான் குத்து. நடுவில் யாராவது வந்து கேட்டால், "வரும், வரும்" என்பார். அதைத் தாண்டி ஒரு வார்ம்-அப் பாடத்தை நான் எங்கும் படிக்கவில்லை. நான் 105, 110 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி என்ற வேகக் கணக்கு) அளவில் ஆரம்பித்து, குரல் அதிகம் இல்லாத டிராக்குகளாகப் போட்டு, நடுநடுவே எல்லாருக்கும் தெரிந்த ஒரு தமிழ் மெட்டின் ரீமிக்ஸைத் தொட்டுவிட்டு விடுவேன். ஆடத் தூண்டாது, ஆனால் டேபிளுக்கு அடியில் ஒரு கால் தாளம் போட ஆரம்பிக்கும். நீ பார்க்கவேண்டியது அந்தக் காலைத்தான்.

முதலில் ஃப்ளோருக்கு வருவது பெரும்பாலும் பிறந்தநாள் கூட்டமாக இருக்கும், அல்லது இரண்டு தோழிகள். அவர்கள் வந்த உடனே பெரிய பாட்டைப் போடாதே. காலி ஃப்ளோரில் இரண்டு பேர் நிற்கும்போது திடீரென்று சத்தமும் லைட்டும் எகிறினால் ஊரே தங்களைப் பார்ப்பதுபோல் கூசிப்போய் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களை எழுப்பியது எந்தப் பாட்டோ, அதே வேகத்தில் இன்னும் மூன்று பாட்டு ஓடட்டும். ஆறு பேர் ஆனபிறகு ஒரு படி ஏற்று.

இனி குத்து. புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். நம் குத்துப் பாட்டுகளில் பெரும்பாலானவை திஸ்ர நடை, ஓர் அடிக்குள் மூன்று. ஹவுஸ், டெக்னோ போன்ற கிளப் இசையில் ஓர் அடிக்குள் நான்கு. இரண்டையும் ஒரே பிபிஎம்முக்குக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். கிக் (டிரம்மின் கனமான அடி) சேர்ந்து விழும், நடுவில் ஹை-ஹாட் தட்டு ஒரு பக்கமும் பறை ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டு கரடுமுரடாகக் கேட்கும். இசை தெரியாதவர்கள்கூட முகம் சுளிப்பார்கள், ஏன் என்று சொல்லத் தெரியாது. அதனால் வெளியே போகிற டிராக்கின் 'ஹை', 'மிட்' (உயர், நடு ஒலிகள்) இரண்டையும் முழுசாகக் குறைத்து வெறும் கிக்கை மட்டும் விட்டுவை. அதன்மேல் குத்தின் தாளத்தை ஏற்று. எட்டு பார் (இந்த பார் நான்கு அடி கொண்ட தாளச் சுற்று) போனதும் கிக்கையும் எடுத்துவிடு. இன்னொரு வழி, வீட்டிலேயே எடிட் செய்துவைப்பது. சினிமாப் பாட்டுகளுக்கு டிஜே டிராக்போல நீளமான தாள முன்னோட்டம் இருக்காது, பாதிப் பாட்டு வயலினிலோ வசனத்திலோ ஆரம்பிக்கும். முன்னால் பதினாறு பார் தாளம் ஒட்டி, அதன் கடைசி நான்கு பாரில் மூன்று மூன்றாக விழும் ஒரு ஷேக்கரைச் சேர்த்துவிட்டால் காது தானாகத் திரும்பிக்கொள்ளும். மூன்றாவது வழி, மிக்ஸே செய்யாதே. எக்கோ போட்டு அறுத்துவிடு, ஒரு நொடி மௌனம், அப்புறம் தவில். என்னைக் கேட்டால் பதினொரு மணிக்கு இதுதான் அழகு, ஆனால் ராத்திரிக்கு ஒரு தடவை.

எண்பதுகளின் பாட்டுகளில் இன்னொரு சிக்கல். வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த பதிவுகள் அவை. பல்லவியில் இருக்கும் வேகம் சரணத்தில் கொஞ்சம் ஏறியிருக்கும். ரெகார்ட்பாக்ஸ் போட்டுத்தரும் கிரிட்டை (அடிகள் விழும் இடங்களின் குறிப்பு) நம்பி, வேகத்தைத் தானாகச் சேர்க்கும் 'சிங்க்' பட்டனை அழுத்தினால் பாதியில் கழுத்தறுக்கும். அந்தப் பாட்டுகளுக்கு சிங்க்கை அணைத்துவிட்டு, கையால் சரிசெய்து, சீக்கிரம் உள்ளே வந்து சீக்கிரம் வெளியே போ.

ஆறு மணிக்கே போய்விடு. காலி அறையில் சத்தம் கூர்மையாகக் கேட்கும், ஆட்கள் நிறைந்தால் அவர்கள் உடம்பே உயர் ஒலிகளை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் காலி அறையில் கேட்டுவிட்டு ஈக்யூவை (ஹை, மிட், பாஸ் அளவுகளை மாற்றும் குமிழ்கள்) திருகாதே. சவுண்ட் பார்க்கிற அண்ணனிடம் முதலில் டீ சாப்பிடு, அப்புறம் சந்தேகம் கேள். அந்த அறையில் எந்த மூலையில் பாஸ் குமுறும், எந்த ஸ்பீக்கர் சோம்பேறி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மிக்ஸரில் சிவப்பு லைட் எரிந்தால் சத்தம் கூடவில்லை, அழுக்காகிறது என்று அர்த்தம். பதினொரு மணிக்குச் சத்தம் வேண்டுமென்றால் எட்டு மணிக்குக் குறைவாக ஆரம்பிப்பதுதான் வழி. நியூயார்க்கில் பாரடைஸ் கராஜ் கிளப்பில் 1977 முதல் 1987 வரை ரெசிடன்ட்டாக இருந்த லாரி லெவன், செட்டுக்கு நடுவில் ஏணி போட்டு ஏறிக் கண்ணாடி உருண்டையைத் துடைப்பார் என்று சொல்வார்கள். நீ ஏணி ஏறவேண்டாம், ஸ்பீக்கரைக் கவனித்தால் போதும்.

பென் டிரைவ் இரண்டு எடுத்துப்போ. இரண்டையும் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய். பழைய சிடிஜே-2000 மாடல்கள் ஃபிளாக் (தரம் குறையாத பாட்டு வடிவம்) கோப்பை வாசிக்காது, 2000 என்எக்ஸ்எஸ்2-இலிருந்துதான் வாசிக்கும். எந்த மாடல் இருக்கிறது என்று முன்பே கேட்டுக்கொள், தெரியாவிட்டால் 320 எம்பி3 போதும். கன்சோல்மேல் யாருடைய கிளாஸும் வரக்கூடாது, மேனேஜருடையதும்தான்.

ரெக்வஸ்ட் வரும். தமிழ், இந்தி, பஞ்சாபி, தெலுங்கு, மலையாளம் எல்லாம் போன் திரையில் பெரிய எழுத்தில் உன் மூக்குக்கு முன்னால் நீளும். முடியாது என்று சொல்லாதே, போடுகிறேன் என்றும் சொல்லாதே. தலையாட்டிவிட்டு, அந்தப் பாட்டு உன் பாதையில் எங்கே உட்காரும் என்று யோசி. மூன்றாவது தடவை வந்து தோளைத் தொடுகிறவரை பவுன்சர் பார்த்துக்கொள்வார், நீ வாய் கொடுக்காதே. கன்சோலில் பெண்ணாக நின்றால் இந்தத் தோளைத் தொடும் விஷயம் முதல் தடவையே நடக்கும். அதனால் நான் பவுன்சருக்கு ஒரு சைகை சொல்லிவைத்திருக்கிறேன். உனக்கும் ஒன்று இருக்கட்டும்.

காலண்டரை இன்றைக்கே எடுத்துவைத்துக்கொள். ஐபிஎல் மாதங்களில் மேட்ச் ஏழரைக்கு ஆரம்பித்தால் பதினொரு மணி வரை ஸ்பீக்கரில் வர்ணனைதான். சென்னை ஜெயித்தால் உனக்குக் கிடைப்பது வெறிபிடித்த ஒரு மணி நேரம், தோற்றால் காலி நாற்காலி. கார்த்திகை பிறந்ததும் மாலை போட்ட ரெகுலர்கள் தை வரை வரமாட்டார்கள், நீ மோசமாக வாசிக்கிறாய் என்று நினைத்துக் குழம்பாதே. மாசக் கடைசி வாரமும் அப்படித்தான்.

மது விற்கக்கூடாத டிரை டேக்கள் இதைவிட முக்கியம். குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, மே 1, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மிலாடி நபி. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு முடிகிற வரை 48 மணி நேரம், அப்புறம் எண்ணும் நாள். அன்றைக்கு பார் இல்லை, பார் இல்லையென்றால் நீயும் இல்லை. ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் அந்த வியாழன் உனக்கு நஷ்டம். மாதச் சம்பளமாகப் பேசப் பார், முடியாவிட்டால் வேறொரு கிழமை மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் வாங்கு. சென்னையில் வேறெங்கும் வாசிக்கக்கூடாது என்ற வரி ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கும். வியாழன் ஒருநாளுக்காக வெள்ளி, சனியை விட்டுக்கொடுக்காதே. பதிவுசெய்த பாட்டைப் பொது இடத்தில் போடுவதற்கான பிபிஎல், ஐபிஆர்எஸ் உரிமங்கள் ஹோட்டல் எடுக்கவேண்டியவை. அது டிஜே பொறுப்பு என்று எழுதியிருந்தால் அந்த வரியை அடிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடு. ராத்திரி வீடு திரும்ப வண்டி யார் செலவு என்பதையும் அப்போதே கேட்டுவிடு. வெட்கப்படாதே, சமையல்காரருக்கு வேன் விடுகிறார்கள்.

கடைசியாகக் காது. அப்பாவுக்கு இப்போது டிவி சத்தம் பக்கத்து வீடு வரை கேட்கவேண்டும், ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த வருடங்களின் பலன். 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. அதற்குமேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். கிளப்பில் 100 சர்வசாதாரணம். பஞ்சு வைக்காதே, அது மேல் ஒலிகளை மட்டும் அடைத்து மிக்ஸைக் குழப்பிவிடும். இசைக்கலைஞர்களுக்கென்றே எல்லா ஒலியையும் சமமாகக் குறைக்கும் இயர்பிளக் கிடைக்கிறது. முதல் சம்பளத்தில் புது ஹெட்ஃபோன் வாங்கலாம் என்று சொன்னாயே, அதற்கு முன்னால் இதை வாங்கு. கன்சோல் மானிட்டரையும் (உனக்காக வைத்திருக்கும் ஸ்பீக்கர்) மிக்ஸ் பண்ணுகிற நேரம் மட்டும் ஏற்றிவிட்டு உடனே இறக்கு.