வேலிக்கு அந்தப் பக்கம்

பிப்ரவரி 9

மேற்குப் பக்கம் மறுபடியும். மேல்சட்டம் இரண்டும் தரையில். குதிரைகள் மூன்றும் வெளியே போயிருந்தன, மூன்றும் பிடிபட்டன. செவலைக்குப் பின்னங்காலில் கீறல். எழுதக் கை வரவில்லை.

பிப்ரவரி 10

எனக்கு முன் இந்த வேலியைப் போட்டவர் எல்லாச் சட்டத்தையும் கம்பத்தின் வெளிப்புறத்தில் ஆணியடித்திருக்கிறார். சாலையில் போகிறவர் கண்ணுக்கு அழகாக இருக்கும். உள்ளே நிற்பது ஐநூறு கிலோ. அது நெஞ்சைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினால் ஆணி தானாகக் கழன்று வந்துவிடும். உட்புறத்தில் அடித்திருந்தால் தள்ளத் தள்ளச் சட்டம் கம்பத்தோடுதான் இறுகும். இவ்வளவுதான் விஷயம். இதைக்கூட யோசிக்காமல் ஒருவர் இத்தனை நீளத்துக்குச் சுத்தியல் பிடித்திருக்கிறார்.

மாற்ற ஆரம்பித்துவிட்டேன். ஆணி வேண்டாம், நீளத் திருகாணி. மேற்கு மூலைவரை முடிந்தால் போதும், மற்றது பிறகு.

செவலையைக் கீறியது புல்லுக்குள் சுருண்டு கிடந்த பழைய முள்கம்பி. முழங்காலுக்குக் கீழே குதிரைக்குச் சதையே கிடையாது. தோல், தசைநார், எலும்பு, அவ்வளவுதான். அந்த இடத்துக் காயம் ஆறும்போது வேண்டாத சதை பொங்கி வளரும். தினமும் பார்த்துக் கட்ட வேண்டும். டெட்டனஸ் ஊசி முன்பே போட்டிருப்பதால் அந்தப் பயம் இல்லை.

பிப்ரவரி 12, இரவு

லாரிச் சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு படுத்தால் தூக்கம் எப்படி வரும்?

செவலைக்கு நெற்றியில் வெள்ளை. குட்டை ரகக் குதிரையான மட்டத்துக்கு உடம்பெல்லாம் வெள்ளைத் திட்டு. விளக்கு பட்டால் இரண்டும் தெரியும். கருப்பனுக்கு ஒரு மயிர்கூட வெள்ளை இல்லை. வண்டி ஓட்டுகிறவருக்கு அவன் எப்போது தெரிவான்? அவன்தான் எப்போது வண்டியைப் பார்ப்பான்? இருட்டில் நம்மைவிட நன்றாகப் பார்க்கும் கண், ஆனால் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் மாறும்போது பழகிக்கொள்ள நம்மைவிட நேரம் எடுக்கும். முகத்தில் விளக்கடித்தால் ஓட மாட்டான், நின்றுவிடுவான் என்றுதான் தோன்றுகிறது. கால் உயரமான பிராணி. காரின் முகப்பு காலில் மோதினால் உடம்பு முழுவதும் கண்ணாடி வழியே உள்ளே விழும். குதிரையோடு முடிகிற கதை இல்லை அது. உள்ளே யாராவது குழந்தை உட்கார்ந்திருந்தால்?

எழுந்துபோய் டார்ச் அடித்தேன். ஆறு கண் மின்ன வேண்டும். நான்குதான் மின்னின. வயிறு கலங்கிவிட்டது. கருப்பன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறான்.

பிப்ரவரி 13

நேற்றிரவு ஒன்றும் நடக்கவில்லை. அதற்காகவும் விழித்திருந்தாயிற்று.

பிப்ரவரி 15

மின்கம்பி ஏறிவிட்டது. துடிப்பை அனுப்பும் பெட்டிக்குப் பக்கத்தில் 6,800 வோல்ட், மேற்கு மூலையில் 1,300. குதிரையை நிறுத்த 3,000 ஆவது வேண்டும். பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை, மண் காய்ந்து கிடக்கிறது. துடிப்பு கம்பி வழியே போய், குதிரையின் மூக்கில் ஏறி, குளம்பு வழியே மண்ணில் இறங்கி, எர்த் கம்பி மூலம் பெட்டிக்குத் திரும்பி வர வேண்டும். காய்ந்த மண் திரும்பும் வழியை அடைத்துவிடுகிறது. இருந்தது ஒரே ஒரு எர்த் கம்பி. மூன்றாக்கினேன், ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் ஆழம், நடுவில் மூன்று மீட்டர் இடைவெளி. மேலே தண்ணீரும் ஊற்றினேன். 2,100.

பிறகு காதைத் தீட்டிக்கொண்டு வேலியோரமாக நடந்தேன். காற்று ஓய்ந்த நேரத்தில் டிக், டிக் என்று நொடிக்கொரு சத்தம். ஒரு இன்சுலேட்டரில் மயிரிழை விரிசல், அதன் வழியாக மின்சாரம் கம்பத்தில் கசிந்துகொண்டிருந்தது. மாற்றியதும் 4,400. இன்று தூங்கலாம்.

பிப்ரவரி 17

தூங்கியதுதான் மிச்சம்.

விடியற்காலையில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரின் தொலைபேசி. “தம்பி, உங்கள் வீட்டு ஆட்கள் வந்திருக்கிறார்கள்” என்றார். அவர் கோபப்பட்டால்கூடத் தேவலை.

துரத்தினால் போச்சு. ஒருவர் ஓட ஆரம்பித்தால் மூன்றும் ஓடும். வாளியில் கொஞ்சம் தானியத்தைப் போட்டுக் குலுக்கிக்கொண்டு, நேராகப் போகாமல் வளைந்து, கண்ணைப் பார்க்காமல் தோளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். செவலை வந்தாள். அவளைப் பிடித்துவிட்டால் மற்றவை பின்னால் வரும். பெரியவர் கம்பை ஓங்கிக்கொண்டு உதவிக்கு வந்தார். “ஐயா, தயவுசெய்து அங்கேயே நில்லுங்கள்” என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

கதவு பூட்டியபடி இருக்கிறது. மேற்குக் கம்பம் ஒன்று தரைமட்டத்தில் முறிந்திருக்கிறது, உள்ளே முழுக்க உளுத்த மரம். கம்பம் எப்போதும் அந்த இடத்தில்தான் உளுக்கும். ஈரமும் காற்றும் சேர்கிற இடம் அது. ஆனால் 4,400 வோல்ட் ஓடுகிற கம்பியை எதற்காக மோதினார்கள்? அந்தப் பக்கம் புல்கூட நன்றாக இல்லை. இங்கே இருப்பதைவிட மோசம்.

லாரி ஒன்று போகிறது.

பிப்ரவரி 19

பார்த்துவிட்டேன்!

இருட்டோடு எழுந்து தீவனக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தேன். மட்டம் மெதுவாக வேலியோரம் வந்தது. கீழ்க்கம்பிக்கு அடியில் கழுத்தை நீட்டி அந்தப் பக்கத்துப் புல்லைக் கடித்தது. இன்னும் கொஞ்சம் நீட்டியது. பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், முன்னங்கால் இரண்டையும் மடித்து மண்டியிட்டது. கம்பி அதன் பிடரியில் கிடக்கிறது, பிடரி மயிரோ உள்ளங்கை அளவுக்குத் தடிமன். துடிப்பு தோல்வரை போகவே இல்லை. காதுகூட அசையவில்லை. முதுகை வளைத்து ஒரு உந்து உந்தியது, அந்தப் பக்கம் எழுந்து உடம்பை உதறியது, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டது.

கருப்பன் தலையைத் தூக்கினான். கனைத்தான். வேலியை ஒட்டி மேலும் கீழும் ஓடினான், செவலையும் கூட ஓடினாள். மட்டம் இருட்டில் மறைந்தபோது அவன் கண்ணை மூடிக்கொண்டு கம்பியில் பாய்ந்ததைப் போலத்தான் இருந்தது. இன்னொரு கம்பம் போயிற்று.

ஆக வேலியை உடைப்பவன் வேறு, உடைக்க வைப்பது வேறு.

பிப்ரவரி 19, மாலை

எழுதியது பாதியில் நிற்கட்டும். பெரியவரின் களஞ்சியத்தில் ஒரு மூட்டை கிழிந்து கிடக்கிறதாம். மட்டம் எவ்வளவு தின்றது என்று யாருக்கும் தெரியாது. குதிரைக்கு வாந்தி வராது, உள்ளே போனது போனதுதான். மருத்துவர் வந்து மூக்கு வழியே குழாய் விட்டார். வயிற்றைவிடக் காலுக்குத்தான் பயப்படுகிறார். லேமினைடிஸ், குளம்புக்குள் வரும் அழற்சி. மட்டக்குதிரைகளுக்கு அது சீக்கிரம் வரும். நான்கு குளம்பும் இப்போது பனிக்கட்டித் தண்ணீரில். இரண்டு மூன்று நாள் விடாமல் வைத்திருக்கச் சொன்னார்.

பிப்ரவரி 20

குளம்பு சூடில்லை. பனிக்கட்டியில் நிற்கிற குளம்பு எப்படிச் சூடாக இருக்கும்? தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி பார்த்தேன், நிமிடத்துக்கு 52. நாற்பதுக்குள் இருக்க வேண்டும்.

மகள் தொலைபேசியில் அழைத்தாள். “அப்பா, மட்டம் எப்படி நிற்கிறது? பின்னுக்குச் சாய்ந்து நிற்கிறதா?” நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

பிப்ரவரி 21

46. நேராக நிற்கிறது. பனிக்கட்டி தீர்ந்துகொண்டே இருக்கிறது.

பிப்ரவரி 23

40. வாளியைக் காலால் கவிழ்த்தது. என்னைக் கடிக்கவும் வந்தது. அயோக்கியப் பயலே, நீ பிழைத்துவிட்டாய்.

செவலையின் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன், சதை பொங்கவில்லை.

பிப்ரவரி 25

மட்டம் மேற்கு ஓரத்துச் சின்ன அடைப்பில் தனியாக நிற்கிறது. அதற்கு எதிரிலேயே முறிந்த கம்பங்களைப் பிடுங்கிக் குழி தோண்டிக்கொண்டிருந்தேன். கம்பி தரையில், மின்சாரம் நிறுத்தியாயிற்று, வேலியில் ஒரு லாரி நுழைகிற அளவு இடைவெளி. கருப்பனும் செவலையும் மதியம் முழுவதும் மட்டத்தின் பக்கத்திலேயே மேய்ந்தார்கள். இடைவெளியை மோந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு வாரமாக நான் எந்த வேலியோடு மல்லுக்கட்டினேன்?

பிப்ரவரி 27

முழங்கால் உயரத்துக்குக் கீழே இன்னொரு கம்பி. மட்டத்தின் மூக்குக்காகவே போட்டது. மூக்கில் பிடரியைப் போலத் தடித்த மயிர் கிடையாது. ஆனால் இவ்வளவு தாழ்ந்த கம்பியைப் புல் வளர வளரத் தொடும், தொட்டால் வோல்ட் இறங்கும். வாரந்தோறும் வேலியோரம் புல் வெட்டியாக வேண்டும். வெட்டுகிறேன், வேறென்ன.

மார்ச் 1

மழை. மேற்கு மூலையில் 5,100. மட்டத்தை வெளியே விட்டேன். நேராகக் கீழ்க்கம்பியிடம் போனது, மோந்தது, ஒரு அலறல், கொட்டகைவரை ஓட்டம். கருப்பன் கூடவே ஓடினான்.

மார்ச் 4

வடக்குக் கதவின் மேல்கீலைத் தலைகீழாக மாற்றிப் பொருத்த வேண்டும். கருப்பன் தாடையைக் கொடுத்துக் கதவைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மட்டம் பக்கத்தில் நின்று கவனிக்கிறது.